விடைக்கோழியின் முதல் முட்டை: அவசரப்படுத்துவதா, விட்டுப்பிடிப்பதா?

கூட்டில் இருக்கும், இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழிகளுக்கு நாலு மாதம் தாண்டிவிட்டது, கொண்டை லேசாகச் சிவக்கத் தொடங்கியிருக்கிறது, பிள்ளைகள் காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் போய்ப் பார்ப்பது கூட்டைத்தான். இந்த நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தீன் விற்கும் கடைக்காரர் இன்றைக்கே லேயர் தீனுக்கு, அதாவது முட்டை போடும் கோழிக்கான தீனுக்கு, மாற்றச் சொல்வார். யூடியூப் பார்த்த தம்பி கூட்டுக்குள் பல்ப் போடச் சொல்வான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கோடி வீட்டுப் பாட்டி, "கோழி தன் பாட்டில் போடும், நீ சும்மா இரு" என்பார். மூன்று யோசனையும் எங்கோ ஒரு கூட்டில் சரியாக வந்ததுதான். உங்கள் கூட்டுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. இரண்டு தொகுதி வளர்த்து முடித்து, இப்போது மூன்றாவது தொகுதியோடு இருக்கிறேன், அதில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

நான் இருப்பது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், கிட்டத்தட்ட 1,250 மீட்டர் உயரம். 2022இல் தீன் தட்டுப்பாட்டில் பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைமைக்கு நாடே வந்தது. எங்கள் பக்கம் லயத்துப் பின்னால் நாலு கோழி, அஞ்சு கோழி என்று கூடுகள் முளைத்தது அந்த நாட்களில்தான். நானும் அப்போதுதான் தொடங்கினேன், வாகனத்தில் கொண்டுவந்து விற்றவரிடம் 16 வாரம் என்று சொன்ன எட்டு சிவப்பு லேயர் கோழிகளை வாங்கி. தீபாவளிக்குள் முட்டை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. வந்த அன்றே லேயர் தீன், இரவு பத்து மணி வரை பல்ப். இரண்டரை வாரத்தில் முதல் முட்டை வந்தது. வீட்டில் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அடுத்த மூன்று வாரத்துக்குள் ஒரு கோழிக்கு முட்டைக்குழாய் பின்பக்கம் வெளியே தள்ளிவிட்டது, நான் தேயிலை மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மற்றவை அதைக் கொத்தி வைத்திருந்தன. அது பிழைக்கவில்லை. பத்து நாள் கழித்து இன்னொன்றும் அப்படியே போனது. மிச்சமிருந்ததைத் துணிப்பையில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்தேன், பெரும்பாலானவை 1.2 கிலோவைத் தாண்டவில்லை. அந்த வகைச் சிவப்புக் கோழி 18 வாரத்தில் 1.4, 1.5 கிலோ இருக்க வேண்டும். உடம்பு வளராத பிள்ளையைச் சுமை தூக்க வைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு கோழிகளையும் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த நாட்களில் கோழியின் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எந்த யோசனையையும் எடைபோடலாம். முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்னால் கோழி தன் எலும்புக்குள்ளே கல்சியத்தைச் சேமிக்கத் தொடங்குகிறது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கல்சியம் இருக்கிறது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும், அதில் 20 மணி நேரம் போல ஓடு படிவதற்கே போய்விடும், அதுவும் பெரும்பாலும் கோழி தூங்குகிற இரவில். அந்த நேரத்துக்குத் தீனிலிருந்து கல்சியம் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், உடம்பு இன்னும் முட்டைக்குத் தயாராகாத கோழிக்குக் கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால் அதைச் சேமிக்க இடமில்லை, சிறுநீரகம்தான் கழித்துத் தள்ள வேண்டும், நாள்பட்டால் சிறுநீரகம் கெடும். ஆக, கல்சியம் பிந்தினாலும் கெடுதல், முந்தினாலும் கெடுதல். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பாருங்கள்.

முதல் வழி, நான் முதலில் செய்தது: 16 வாரத்திலேயே லேயர் தீன், கூடவே பல்ப். இதில் கிடைக்கும் லாபம் என்ன? கூடிப்போனால் இரண்டு மூன்று வாரம் முந்தி முட்டை. ஒரு கோழிக்கு ஒரு பதினைந்து முட்டை என்று வையுங்கள், அதுவும் 45 கிராம் தேறாத குட்டி முட்டைகள். ஒழுங்காக வளர்ந்த ஒரு சிவப்பு லேயர் கோழி முதல் வருடத்தில் 300 முட்டை பக்கம் போடும். அந்த 300ஐ இந்தப் பதினைந்துக்காகப் பணயம் வைக்கிறோம். பண்ணைக்காரர்கள் இதைச் செய்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் ஒவ்வொரு வாரமும் நிறை பார்த்து, எல்லாக் கோழியும் ஒரே அளவாக வளர்ந்ததை உறுதிசெய்துவிட்டுத்தான் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். நம் கூட்டில் எட்டுக் கோழியில் இரண்டு பெரிதாக, மூன்று சின்னதாக, ஒன்று எப்போதும் மூலையில் ஒதுங்கியதாக இருக்கும். ஒரே பல்ப் எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுப்பிவிடும்.

இரண்டாவது வழி, பாட்டி சொல்வது: மிச்சச் சோறு, ரொட்டித் துண்டு, தவிடு, வெளியே மேய்ச்சல், அவ்வளவுதான். நாட்டுக்கோழிக்கு இது பரம்பரை பரம்பரையாகச் சரிவந்த வழி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. அது ஆறு ஏழு மாதத்தில் முட்டைக்கு வரும், பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டு அடைக்குப் படுத்துவிடும், வருடத்துக்கு 60 முதல் 100 முட்டை. அந்தக் கணக்குக்கு மண்புழுவும் கரையானும் புல்லும் கொஞ்சம் தவிடும் போதும். ஆனால் இதே சாப்பாட்டைச் சிவப்பு லேயர் கோழிக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் அது சும்மா இருக்காது. கிட்டத்தட்ட தினம் ஒரு முட்டை போடுவதற்கென்றே உருவாக்கிய இனம் அது, சாப்பாடு போதாவிட்டாலும் முட்டையை உடனே நிறுத்தாது, தன் எலும்பைக் கரைத்தாவது போடப் பார்க்கும். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் நாலு சிவப்புக் கோழியை அப்படித்தான் வளர்த்தார், அன்பாகத்தான் வளர்த்தார். ஏழாவது மாதம் முட்டை வந்தது, தோல் முட்டையாக, கையில் எடுத்தாலே உடைகிற மாதிரி. பத்தாவது மாதம் ஒரு கோழி காலை ஊன்றி எழும்ப முடியாமல் விழுந்துவிட்டது. சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்பும், புரதமும் கல்சியமும் அதில் இல்லை.

அதனால் இனத்தைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களிடம் இருப்பது நாட்டுக்கோழி என்றால் பாட்டி சொன்னதைக் கேளுங்கள், ஒரு சிரட்டையில் சிப்பித்தூள் மட்டும் கூட வையுங்கள், மீதி நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம். சிவப்பு லேயரோ கலப்பினமோ என்றால் மேலே படியுங்கள்.

மூன்றாவது வழியில் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை, கோழியைப் பார்ப்பதுதான். வாங்கும்போது சொல்கிற வயது எப்போதும் சரியாக இருக்காது, இரண்டு மூன்று வாரம் கூடக் குறைய இருக்கும், அதனால் கோழியின் உடம்பு சொல்வதைத்தான் நம்ப வேண்டும். கொண்டையும் தாடியும் வெளிறிய இளஞ்சிவப்பிலிருந்து நல்ல சிவப்புக்கு மாறும். கிட்டப் போய்க் கையை நீட்டினால் ஓடாமல், சிறகைக் கொஞ்சம் அகட்டிக் குந்திவிடும், சேவலே இல்லாத கூட்டிலும் இப்படிக் குந்தும், இது வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை. மூலை முடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கும், வைக்கோலைக் கிளறும், ஒரு மாதிரியாகக் கேறிக்கொண்டே திரியும். அப்புறம் விரல் கணக்கு: இரவில் கூட்டில் இருக்கும்போது மெதுவாகத் தூக்கிப் பின்பக்கம் தடவினால் முட்டை வரும் வழியின் இரண்டு பக்கமும் கூரான இரண்டு எலும்பு தட்டுப்படும், நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாளாகும், இரண்டு விரல் என்றால் கிட்ட வந்துவிட்டது, மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் அந்தக் கோழி எங்கேயோ போட்டுக்கொண்டிருக்கிறது, தேயிலைச் செடிக்கு அடியில் தேடிப் பாருங்கள்.

இந்த வழியில் தீன் இப்படிப் போகும். கொண்டை சிவக்கும் வரை குரோவர் தீன், அதாவது வளரும் கோழிக்கான தீன் மட்டும், அதில் கல்சியம் 1 சதவீதம் போலத்தான் இருக்கும். கொண்டை சிவந்ததும் அதே குரோவர் தீனோடு தனிச் சிரட்டையில் சிப்பித்தூள். கலந்து வைக்கக் கூடாது, தனியாகத்தான். தயாரான கோழி தானாகப் போய்க் கொத்தும், தயாராகாதது ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போய்விடும், அந்த அறிவு அவற்றுக்கு இருக்கிறது. கூட்டில் முதல் முட்டை விழுந்த பிறகு ஒரு வாரம் குரோவரும் லேயரும் பாதிக்குப் பாதி, அப்புறம் முழுக்க லேயர் தீன். லேயர் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும், புரதம் 16, 17 சதவீதம். கூட்டில் சேவலும் நிற்கிறது என்றால் லேயர் தீனுக்கு மாறாமல் புரதம் குறையாத குரோவர் தீனையே வைத்துக்கொண்டு சிப்பித்தூளைத் தனியாகத் தொடர்வது நல்லது, சேவலுக்கு அவ்வளவு கல்சியம் தேவையில்லை.

எங்கள் டவுன் கடையில் சில மாதங்கள் குரோவர் தீன் வருவதே இல்லை, லேயர் மட்டும்தான் மூட்டை மூட்டையாக நிற்கும். அப்படி வந்தால் கொண்டை சிவக்கத் தொடங்கிய பிறகு லேயர் தீனைப் பாதியும், உடைத்த சோளம், தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு சேர்த்து மீதிப் பாதியும் கலந்து கொடுக்கிறேன். கல்சியம் 2 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும், முட்டைக்கு முந்திய இரண்டு வாரத்துக்கு அது போதுமான அளவு. புண்ணாக்கு வாங்கும்போது மட்டும் மணந்து பாருங்கள். எங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் புண்ணாக்கும் சோளமும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சண நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். பழைய வாடை அடித்தால் விலை குறைவென்று வாங்காதீர்கள். தீன் மூட்டையைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

சிப்பித்தூளைப் பற்றிச் சொல்லும்போது இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் எளிதாக நடக்கக்கூடிய தவறு இது. தோட்டத்தில் தேயிலைக்குப் போடும் டொலமைட் மூட்டை எல்லா இடத்திலும் கிடக்கும், வெள்ளைத் தூள், சுண்ணாம்புக் கல்தானே, கோழிக்கும் இதுவே போதுமே என்று நினைத்துத் தீனில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டொலமைட்டில் கல்சியத்தோடு மக்னீசியமும் நிறைய இருக்கிறது. அவ்வளவு மக்னீசியம் முட்டைக்கோழிக்கு ஆகாது, கழிச்சலைக் கொடுக்கும், கல்சியம் சேர்வதையும் தடுக்கும், ஓடு இன்னும் மெல்லிசாகும். மண்ணுக்கு நல்லது, கோழிக்கு வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பும் வேண்டாம், அது வாயையும் வயிற்றையும் வேகவைத்துவிடும். சிப்பித்தூள் கிடைக்காவிட்டால் வீட்டில் மிஞ்சும் முட்டை ஓட்டைக் கழுவி, அடுப்பின் மேல் நன்றாகக் காயவைத்து, ஓடு என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள். அப்படியே கொடுத்தால் கோழி சொந்த முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும், பழகினால் மாற்றுவது பெரும்பாடு.

வீட்டு மிச்சத்தைக் கொடுக்கவே கூடாதா என்றால், கொடுக்கலாம், பின்னேரத்தில் ஒரு கைப்பிடி. ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் தீன் தின்னும், நாலு கோழிக்கு மாதம் 14 கிலோ போல. சோற்றால் வயிற்றை நிரப்பிவிட்டால் இந்தத் தீனைத் தொடாது, காசு கொடுத்து வாங்கியது வீணாகிவிடும். கோவா இலை, கரட் இலை நல்லது, மருந்தடித்த தோட்டத்து வெளி இலை என்றால் மட்டும் வேண்டாம். வெலிமடை, நுவரெலியா பக்கத்தவர்கள் உருளைக்கிழங்கில் பச்சை ஏறிய தோலையும் முளையையும் போடக் கூடாது. அவகாடோ தோலும் கொட்டையும் நஞ்சு. லீக்ஸ் நிறையக் கொடுத்தால் முட்டையில் வாடை வரும். தேயிலைச் சக்கை கூட்டுக்குள் வேண்டாம், பூச்செடிக்குப் போடுங்கள். நெத்தலித் தலை, கருவாட்டுத் தலை போடுபவர்கள் உப்பு போகும் வரை ஊறவைத்துக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

இனி பல்ப். இதில்தான் அதிகமாகக் குழம்புகிறார்கள். கோழிக்கு முட்டை போடச் சொல்வது வெளிச்சம் என்பது உண்மை. வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்கே எட்டி அங்கிருந்து சுரப்பிகளைத் தூண்டுகிறது. பண்ணையில் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பதும் உண்மைதான். ஆனால் பல்ப் போடு என்று வீடியோவில் சொல்பவர்கள் பலர் இருப்பது குளிர்காலத்தில் எட்டு ஒன்பது மணி நேரத்தில் பொழுது முடிந்துவிடும் நாடுகளில். நம் மலையகத்தில் டிசம்பரில்கூடப் பகல் 11 மணி 40 நிமிடத்துக்குக் குறையாது, ஜூனில் பன்னிரண்டரை மணி. விடைக்கோழி முட்டைக்கு வர இந்த வெளிச்சமே போதும். பல்ப் இல்லாமல் வளர்த்த என் இரண்டாவது தொகுதி 22ஆவது வாரத்தில் முதல் முட்டை போட்டது, ஒரு கோழிக்கும் முட்டைக்குழாய் தள்ளவில்லை.

இங்கே பகல் நீளமாகத்தான் இருக்கிறது, இருட்டு கூட்டுக்குள்ளே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையும் மூடுபனியும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு அது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அந்த மாதங்களில், மூன்று பக்கம் தகரம் அடித்து முன்பக்கம் சாக்கு தொங்கவிட்ட கூட்டுக்குள் மத்தியானம்கூட அந்திப்பொழுது மாதிரித்தான் இருக்கும். பல்புக்குக் காசு செலவழிப்பதை விட, கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் புகும் தகடு ஒன்றைப் போடுவது பலமடங்கு பயன். காலையில் விடிந்ததும் கூட்டைத் திறந்துவிடுவதும் அப்படித்தான், மலைக்குப் போகும் அவசரத்தில் எட்டு மணி வரை மூடியே வைத்திருக்கிற கூடுகளை நிறையப் பார்க்கிறேன், அந்த இரண்டு மணி நேர வெளிச்சத்தை நாமே பறித்துவிட்டு இரவில் பல்ப் போட்டுக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கீரியும் நாயும் வரும் என்று பயந்தால் முன்பக்கக் கதவுக்குக் கம்பிவலை அடியுங்கள்.

அதையும் தாண்டிப் பல்ப் போடத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், முட்டை வரத் தொடங்கி ஒரு மாதமாவது ஆகட்டும், கோழி ஒன்றரைக் கிலோவைத் தாண்டட்டும். மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன பல்ப் போதும். மாலையில் போடாமல் விடியற்காலையில் போடுங்கள், மாலைப் பல்ப் திடீரென்று அணைந்தால் கோழிகள் தூங்குகிற பரணில் ஏறாமல் தரையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒரேயடியாகக் கூட்டாமல் வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டுங்கள், கூட்டிய பிறகு குறைக்கக் கூடாது, குறைந்தால் முட்டை நின்று இறகு கொட்டத் தொடங்கும். கரண்ட் நம் கையில் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள், அது போகட்டும், சாதாரணக் காற்று மழைக்கே இங்கே கம்பி அறுந்து இரண்டு நாள் இருட்டில் கிடக்கிறோம். லயத்து வயரிங் எப்படி இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஒட்டுப்போட்ட வயரை இழுத்து, மரத்தூள் பரப்பிய கூட்டுக்குள் சூடான பல்பைத் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை, லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்காது.

குளிருக்காகப் பல்ப் என்றால் அதுவும் தேவையில்லை. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவில் பனி உறைகிறது, அங்கேயும் இறகு முழுசாக வந்த விடைக்கோழி தாங்கும். குளிரில் அது கூடுதலாகத் தின்னும், அந்தக் கூடுதலைக் கொடுக்காவிட்டால்தான் முட்டைக்குப் போக வேண்டியது சூட்டுக்குப் போய் முதல் முட்டை பிந்தும். பொழுது சாய முன்னர் ஆளுக்குக் கொஞ்சம் உடைத்த சோளம் போடுங்கள். குளிர் என்று கூட்டை எல்லாப் பக்கமும் அடைத்துவிடாதீர்கள், எச்சத்து ஆவி உள்ளேயே நின்று கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். மேலே காற்றுப் போகட்டும், கோழி உட்காரும் மட்டத்தில் ஊதல் அடிக்காமல் இருந்தால் போதும். கீழே மரத்தூள் ஈரமானால் உடனே மாற்றுங்கள், இரத்தக் கழிச்சல் ஈரத்தில்தான் பரவும்.

16 வாரத்தில் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலைகளும் இருக்கின்றன, முட்டை வந்த பிறகு செய்தால் பிந்திவிடும். வயிற்றுப் பூச்சிக்கான மருந்தை அப்போதே கொடுத்துவிடுங்கள், முட்டை வந்த பின் கொடுத்தால் மருந்துக்கேற்ப சில நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது. வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி பாக்கி இருந்தால் உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள், முட்டைக்கு வரும் வாரத்தில் கோழியைப் பிடித்து ஊசி போட்டுக் கலவரப்படுத்த வேண்டியதில்லை. முட்டைப் பெட்டியும் அப்போதே வைத்துவிட வேண்டும். நாலு கோழிக்கு ஒரு பெட்டி, ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், கொஞ்சம் இருட்டான மூலை, பரணை விடத் தாழ்வான இடம், உள்ளே காய்ந்த மானாப்புல். பரணை விட உயரமாக வைத்தால் அதிலேயே படுத்துத் தூங்கி அசிங்கப்படுத்திவிடும். ஒரு வழவழப்பான வெள்ளைக் கல்லையோ பழைய கோல்ஃப் பந்தையோ உள்ளே போட்டு வையுங்கள், இங்கேதான் போட வேண்டும் என்று பிடித்துக்கொள்ளும்.

முதல் சில முட்டைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புறா முட்டை அளவுக்கு, உள்ளே மஞ்சளே இல்லாமல் ஒன்று வரும், இரட்டை மஞ்சளோடு பெரிதாக ஒன்று வரும், தோல் மட்டும் போர்த்த மாதிரி ஒன்று வரும், ஓட்டில் மெல்லிய இரத்தக் கோடு இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் தோல் முட்டை தொடர்ந்தால் கல்சியத்தைப் பாருங்கள். ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, முக்கி முக்கி நின்றும் முட்டை வரவில்லை என்றால் இளஞ்சூடான தண்ணீரில் அடி உடம்பு மூழ்க இருபது நிமிடம் நிறுத்தி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள், அன்றைக்குள் போடாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பின்பக்கம் சிவப்பாகச் சதை தெரிந்தால் ஒரு நிமிடம்கூட மற்றக் கோழிகளோடு விடாதீர்கள், நான் இழந்த இரண்டையும் அந்த நேரத்தில் தனியே எடுத்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம்.

முதல் முட்டைகளைத் தாராளமாகச் சாப்பிடலாம், சின்னது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. சேவல் வைத்திருப்பவர்கள் அதை அடைக்கு வைப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள், குட்டி முட்டையில் வரும் குஞ்சும் குட்டிதான், இரண்டு மாதமாவது போய் முட்டை ஒரே அளவாக வரத் தொடங்கட்டும்.

மூன்றாவது தொகுதியில் இப்போது ஆறு கோழி, மாதக்குஞ்சாக வாங்கி வளர்த்தது, 17 வாரம். நேற்று இரவு நிறுத்துப் பார்த்தேன், ஐந்து 1.4 கிலோவைத் தாண்டிவிட்டது, கறுப்பு வால் உள்ள ஒன்று மட்டும் 1.2இல் நிற்கிறது, அதற்கு மத்தியானத்தில் தனியாகக் கொஞ்சம் தீன் வைக்கிறேன். பெட்டி வைத்தாயிற்று, மானாப்புல் போட்டாயிற்று, பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. இரண்டு கோழிக்குக் கொண்டை சிவக்கிறது, மற்றவை இன்னும் வெளிறித்தான் இருக்கின்றன. சிப்பித்தூள் சிரட்டையை நாளைக்கு வைக்கிறேன், தீனை மாற்றவில்லை.